பத்தில் ஒரு பங்கு

அவளைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்புமுன் அடுப்புக் குமிழ்களை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். எட்டுப் பேர் ஏறலாம் என்று லிஃப்டில் எழுதியிருந்தால் ஆறாவது ஆளாகக்கூட ஏற மாட்டாள். எழுதினவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டான் என்பாள். கல்யாணமான புதிதில் கணவர் அரை மணி தாமதமாக வந்ததற்கு இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு விசாரித்தவள். பயப்படுகிறவர்களை உலகம் பொதுவாகக் கேலிதான் செய்யும். அவளுக்கு மட்டும் அதற்காக மாதச் சம்பளம் கொடுத்து, தனி அறை கொடுத்து, கதவில் 'மூத்த பொருளாதார வல்லுநர்' என்று பலகையும் மாட்டியிருந்தார்கள்.

வேலை அப்படிப்பட்டது. அது பல நாடுகள் சேர்ந்து நடத்தும் எரிசக்தி அமைப்பு. வரும் குளிர்காலத்தில் எந்த நாட்டுக்கு எரிவாயு போதாமல் போகும், எந்தக் குழாய் உடைந்தால் எந்த ஊர் விறைத்துப்போகும் என்று எல்லாருக்கும் சேர்த்து அவள் முன்கூட்டியே பயப்பட வேண்டும். அந்தப் பயத்தை அட்டவணை போட்டு, நாற்பது பக்க அறிக்கையாக்கி, அந்தந்த அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

பிறந்தது வேறொரு நாட்டில். மலையும் குளிருமான சின்ன நாடு அது. பொருளாதாரம் படித்து முடித்தபோது அந்தப் படிப்புக்கு அங்கே நாதியில்லை. இருபத்து மூன்று வயதில் எரிவாயு நிறுவனத்தின் அளவைப் பிரிவில், ஜன்னல் இல்லாத ஒரு கீழ்த்தள அறையில், மீட்டர் தாள்களைச் சரிபார்க்கும் வேலைதான் கிடைத்தது. ஆறு வருஷம் அங்கே உட்கார்ந்தாள். பிறகு அமைச்சகத்தில் கட்டண நிர்ணயப் பிரிவு, ஒன்பது வருஷம். பிறகு ஒரு விளம்பரத்தைப் பார்த்து, கிடைக்காது என்ற தைரியத்தில் விண்ணப்பம் போட்டாள், கிடைத்துவிட்டது. பதினெட்டு வருஷமாக இந்த நாட்டில், இந்த அலுவலகத்தில். வயது ஐம்பத்தாறு.

கீழ்த்தள அறையில் அவள் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகிறது. அந்த நீராவி புகைபோக்கி வழியாக வெளியே போகும்போது வெப்பத்தில் ஒரு பங்கைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். எரிவாயு விற்பவர்கள் அந்தப் பங்கையும் சேர்த்தே எண்ணுவார்கள், விற்பவர்கள் அல்லவா. அது மொத்த வெப்பம். அவளைப் போன்றவர்கள் போனது போனதுதான் என்று அதைக் கழித்துவிட்டு எண்ணுவார்கள். அது நிகர வெப்பம். இரண்டுக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு. ஒரே வாயுதான், ஒரே குழாய்தான், ஆனால் யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து நூறு என்பது தொண்ணூறாகும்.

அதனால் எந்த நிறுவனம் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது எந்த வெப்பம் என்று கேட்டு, அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் எழுதிவைப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. அறிக்கைக்கு நாற்பது பக்கம் என்றால் அடிக்குறிப்பு அறுபது இருக்கும். அலுவலகத்தில் அவளுக்கு 'அடிக்குறிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் பிறந்த நாட்டைப் பற்றியே அறிக்கை எழுதும்படி ஆயிற்று. கடுங்குளிர் வந்தால் எரிவாயு போதாது, கப்பலில் வரும் எரிவாயுவைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். வாங்கினார்கள். அந்த வருஷம் பார்த்துக் குளிர் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிட்டது. மக்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அதிகக் கட்டணம் கட்டினார்கள். ஊரே கொதித்தது. எரிசக்தித் துறைச் செயலாளராக இருந்த அம்மாள் தொலைக்காட்சியில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இங்கே அலுவலகத்தில் இரண்டு வருஷத்துக்கு அவளைப் பார்த்தாலே யாராவது "புலி வருது" என்று ராகம் இழுப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

இந்த வருஷம் மறுபடியும் அதே நாடு, அதே அறிக்கை. நிகர வெப்பத்தில் அவள் எண்ணிய குளிர்காலத் தேவை நூறு என்றால், நிறுவனம் சொன்ன கையிருப்பு நூற்றாறு. பயமில்லை என்று முடிவு வந்தது. பயமில்லை என்று அவள் எழுதிய அறிக்கைகள் சொற்பம். இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். பதினைந்து பக்கத்துக்குள் சுருக்குங்கள், உங்கள் பொடி எழுத்துகளை யாரும் படிப்பதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் உட்கார்ந்து அடிக்குறிப்புகளைக் களை எடுத்தாள். 'நிறுவனம் தந்தவை மொத்த வெப்பத்தில் உள்ள எண்கள். பத்தில் ஒரு பங்கைக் கழிக்கவும்' என்ற குறிப்பும் அதில் போயிற்று. சும்மா தூக்கிப் போடவில்லை. இனிமேல் எல்லா நிறுவனங்களும் நிகர வெப்பத்திலேயே எண் தரும் என்று வசந்தத்தில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வந்தபிறகு அந்தக் குறிப்பு எதற்கு?

அறிக்கை இணையத்தில் ஏறியது. முதல் பக்கத்தில் அவள் பெயர். அதை நம்பி அந்த அரசாங்கம், முன்பதிவு செய்துவைத்திருந்த மூன்று எரிவாயுக் கப்பல்களையும் வேண்டாம் என்று சொல்லத் தயாராயிற்று. வியாழக்கிழமை அமைச்சரவை கூடும். வெள்ளிக்கிழமை நண்பகலோடு முன்பதிவு காலாவதியாகும். கப்பல்கள் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை, அமைச்சரவைக்குக் காட்ட வேண்டிய படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நிலத்தடிக் கிடங்கு நிரம்பிவிட்டது என்று அதன் கொள்ளளவை வெப்பக் கணக்கில் போட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ தெரிந்த முகம் மாதிரி இருந்தது. போன வருஷக் கோப்பைத் திறந்தாள். போன வருஷமும் கிடங்கு நிரம்பித்தான் இருந்தது, எண்ணும் கிட்டத்தட்ட அதேதான்.

நிறுவனம் நிகர வெப்பத்துக்கு மாறியிருந்தால், அதே நிரம்பிய கிடங்கு இந்த வருஷம் பத்தில் ஒரு பங்கு குறைவாக அல்லவா தெரிய வேண்டும்?

நூற்றாறில் பத்தில் ஒரு பங்கு போனால் தொண்ணூற்றைந்து. அதாவது மிச்சம் இல்லை, பற்றாக்குறை. எழுந்து கதவைச் சாத்தினாள். திரும்ப வந்து உட்கார்ந்தவள் அதே கணக்கைக் காகிதத்தில் போட்டாள். கால்குலேட்டரில் போட்டாள். நாலாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. எத்தனை தடவை போட்டாலும் தொண்ணூற்றைந்துதான் வந்தது.

உடனே இன்னொரு பயமும் வந்தது. இந்தக் கோடையில் கிடங்கை விரிவாக்குவதாக அந்த நாட்டு அமைச்சகம் அறிவித்திருந்தது. எவ்வளவு? கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. விரிவாக்கம் முடிந்திருந்தால் அதே எண் வருவது நியாயம்தான், அறிக்கையும் சரிதான். முடிந்திருக்காவிட்டால்? எது உண்மை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று அவள் தன் ஊரையே குளிரில் தள்ளப்போகிறாள்; இல்லாவிட்டால் இரண்டாம் தடவையாகப் புலி வருது என்று கத்தப்போகிறாள்.

எண்களைக் கணினியில் போட்டு, மாடல் என்கிற கணக்கு மாதிரியை ஓட்டுபவர் பக்கத்து அறையில் இருந்தார். மாடல்காரர் என்று பெயர். அழகுப் போட்டி மேடைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, இரண்டு பேத்திகள் எடுத்த தொப்பைக்காரர். இந்தத் தடவை பத்தில் ஒரு பங்கைக் கழித்தீர்களா என்று அவரைக் கேட்டாள். கேள்வியே அவருக்கு வினோதமாக இருந்தது.

"நீங்க குறிப்பு போட்டா கழிப்பேன், போடலைன்னா கழிக்க மாட்டேன். பதினொரு வருஷமா அப்படித்தானே பண்றோம்?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அவருடைய குற்றம் ஒன்றுமில்லை. அந்த அலுவலகத்தில் அவளுடைய அடிக்குறிப்புகளை வரிவிடாமல் படித்த ஒரே ஆத்மா அவர்தான். அந்த ஒரு ஆளையும் அவளே கவிழ்த்துவிட்டாள்.

பற்றாக்குறை என்றால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறோம். எரிவாயு அப்படிப் பங்கு போட்டுக் குறைவதில்லை. குழாயில் அழுத்தம் இறங்கினால் முதலில் வால் முனைதான் சாகும். அவளுடைய ஊரில் குழாயின் வால் முனை எங்கே இருக்கிறது என்று அளவைப் பிரிவில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? மலைச்சரிவில், பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னால். அங்கே குறைமாதக் குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ் அவள் தங்கை. மாற்றுக்கு வைத்திருந்த எண்ணெய்க் கொதிகலன் இரண்டு வருஷமாகப் பழுதாகிக் கிடக்கிறது என்று தங்கையே பல தடவை புலம்பியிருக்கிறாள்.

அன்றே போய்ச் சொல்லலாமென்றால் இயக்குநர் ஊரில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்து பையை வைக்குமுன் அவர் அறையில் போய் நின்றாள்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க மேஜையில் இருந்த பேனாக்களை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். நிச்சயமாகத் தெரியுமா என்றார். தெரியாது என்றாள். நிறுவனத்தைக் கேட்டீர்களா என்றார். கேட்டு எழுதினேன், பொறுப்பான அதிகாரி விடுமுறையில் இருப்பதாகப் பதில் வந்தது என்றாள். எந்தக் கணிப்பிலும் முன்னே பின்னே எட்டு சதவீதம் பிசகலாம் என்று நாம்தான் எழுதியிருக்கிறோமே, அதற்குள் அடங்காதா என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அடங்காது சார் என்றாள்.

பிறகு அவர் விதியைச் சொன்னார். வெளிவந்த அறிக்கையில் திருத்தம் என்றால் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். குழுவுக்குப் பன்னிரண்டு வேலை நாள். அதற்கு முன்னால் எந்த அரசாங்கத்தோடும் யாரும் தனியாகப் பேசக் கூடாது.

"வெள்ளிக்கிழமை கப்பல் போயிடும் சார்."

"தெரியுது. ஆனா ஏழு வருஷத்துக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னும் எனக்குத் தெரியும். நாளைக்கு நீங்க சொல்றது தப்புன்னு ஆச்சுன்னா, இந்த ஆபீஸ் சொல்றதை அப்புறம் எந்த நாடும் மதிக்காது. உங்களை மட்டும் இல்ல, என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." சொல்லிவிட்டு எழுந்துபோய், ஏற்கெனவே சாத்தியிருந்த கதவை இன்னொரு தடவை அழுத்திச் சாத்தினார். அவருக்கும் பயம். பயத்தில் ஊறினவளுக்கு அடுத்தவர் பயம் தெரியாமல் போகுமா? குழுவுக்கு மனு எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் காபி இயந்திரத்துக்கு முன்னால் நின்று எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

அங்கே நின்றபோதுதான் ஒரு யோசனை வந்தது. நிறுவனம் வாய் திறக்காவிட்டால் என்ன, அதன் ரசீது பேசுமே. அந்த ஊர் எரிவாயு ரசீதில் எத்தனை கன மீட்டர் வாயு, அதில் எவ்வளவு வெப்பம் என்று இரண்டும் அச்சாகியிருக்கும். வெப்பத்தைக் கன மீட்டரால் வகுத்தால் போதும். முப்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் வந்தால் மொத்த வெப்பம், முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் வந்தால் நிகரம். ஒரு நாட்டின் குளிர்காலத்தையே ஒரு ரசீதை வைத்துச் சோதிக்கலாம். இது அளவைப் பிரிவில் குப்பை கொட்டியவர்களுக்கு மட்டும் தோன்றும் யோசனை.

தங்கைக்குப் போன் போட்டாள். கொதிகலன் அறையில் போன மாத ரசீதை ஒட்டிவைத்திருப்பார்களே, அதைப் படம் எடுத்து அனுப்பு என்றாள். ஏன் என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. சொன்னால் தங்கை கலவரப்படுவாள் என்பது வேறு.

"அக்கா, நான் இங்க ஒவ்வொரு குழந்தையா மூச்சு எண்ணிக்கிட்டிருக்கேன். நீ ரசீது கேக்கறே. வயசானா இப்படித்தான் ஆகுமா?"

"அனுப்புடி, சொல்றேன்" என்றாள். சொல்லவில்லை.

படம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. ஈரச் சுவர், நான்கு மூலையிலும் பிளாஸ்திரி ஒட்டிய தாள், ஒரு மூலையில் தங்கையின் கட்டைவிரல். எண்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தவறாக அழுத்தினாள். மூன்றாம் தடவை விடை வந்தது. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு.

நிறுவனம் மாறவே இல்லை. சுற்றறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய வழியிலேயே எண்ணிக்கொண்டிருந்தது. அதே வாயிலிருந்து வந்த கிடங்கு எண்ணும் மொத்த வெப்பம்தான். எண் ஏறாததால் கிடங்கு விரிவாகவும் இல்லை, அறிவிப்போடு நின்றிருக்கிறது. தேவை நூறு, இருப்பது தொண்ணூற்றைந்து. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். தான் நினைத்தது சரியாக இருந்ததில் ஒருவருக்கு இவ்வளவு பயம் வருமா என்று தோன்றியது.

இயக்குநரிடம் ரசீதைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரு ஆஸ்பத்திரி ரசீதை வைத்து ஒரு நாட்டின் கணக்கை மாற்ற முடியுமா, குழுவுக்கு இணைப்பாக அனுப்புங்கள் என்றார். கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பவில்லை.

மத்தியானம் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர். முப்பது வருஷம் மாநாடுகளில் அடுத்தவர் பேச்சையே பேசிப் பிழைத்தவர். அதனாலோ என்னவோ சொந்தப் பேச்சை அளந்துதான் பேசுவார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். விதியை மீறிச் செயலாளர் அம்மாளுக்குப் போன் செய்தால் வேலை போகும், ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது என்பதையும் சொன்னாள். அவர் ஜன்னலுக்கு வெளியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா உன் முகத்தைப் பாத்தா, பேசாம இருந்தா இன்னும் மோசமாயிடும் போலிருக்கு. நான் வெளிய போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமா?"

"இங்கயே இருங்க."

ஏழு வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்ட அதே அம்மாள்தான் இன்னும் செயலாளர். எண் அவளிடம் இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட அழைத்ததில்லை. ஐந்தாவது மணி அடித்தபிறகு எடுத்தார். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சுற்றறிக்கை, அடிக்குறிப்பு, கிடங்கு, ரசீது, தொண்ணூற்றைந்து. கணவர் தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்தார்.

செயலாளர் அம்மாள் நிதானமாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"போன தடவை உங்க பேச்சை நம்பி வாங்கினேன். அதுக்கப்புறம் என் பொண்ணு ஒரு மாசம் ஸ்கூல் போகலை. பசங்க என்னை மாதிரி பேசிக் காட்டி மன்னிப்புக் கேட்டாங்களாம். இப்ப மறுபடியும் நீங்களே வந்து வாங்குன்னு சொல்றீங்க."

"ஆமா மேடம். போன தடவை குளிர் வரலை. இந்தத் தடவை குளிர் வருமான்னு எனக்குத் தெரியாது. ஆனா வந்தா, கேஸ் பத்தாது. அது மட்டும் தெரியும்."

"தப்பு யாரோடது?"

"என்னோடது."

"அப்ப எழுதிக் குடுங்க. உங்க பேர் போட்டு, உங்க கையெழுத்துல. வாயால சொன்னதை வச்சு நான் அமைச்சரவையில பேச முடியாது."

எழுதிக்கொடுத்தால் தப்பிக்க வழியே இல்லை. போன் பேசியதை மறைக்கலாம், கையெழுத்தை மறைக்க முடியாது. ஒரு பக்கக் கடிதம்தான். அதை எழுத அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு எண்ணையும் நான்கு தடவை சரிபார்த்தாள். இதிலும் தப்பு இருந்தால்? ரசீதில் அச்சுப்பிழை இருந்தால்? கணவர் கடிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். அடுத்தவர் பேச்சைப் பிசகில்லாமல் சொல்லிப் பழகிய அந்தக் குரலில் கேட்டபோதுதான் அது உண்மை என்று அவளுக்கு உறைத்தது. கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியதும் எழுந்துபோய் அடுப்புக் குமிழ்களை மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அமைச்சரவை இரண்டு கப்பல்களை வைத்துக்கொண்டு ஒன்றை விட்டுவிட்டது. பாதி நம்பினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த திங்கட்கிழமை அவளை மூன்று பேர் உட்கார்ந்திருந்த அறைக்குக் கூப்பிட்டார்கள். விதியை மீறியது உண்மைதானா என்றார்கள். உண்மை என்றாள். ஒழுங்கு நடவடிக்கை வேண்டாம், தானாக விலகினால் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி கிடைக்கும் என்றார்கள். ஆனால் நடந்த எதையும், அந்தக் கடிதத்தையும், யாரிடமும் எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். செயலாளர் தரப்பும் அதையே விரும்பியது. தவறான அறிக்கையை முதலில் நம்பினோம் என்று எந்த அரசாங்கம்தான் வெளியே சொல்லும்? மறுஆய்வுக் குழுவோ, கப்பல் வாங்கிவிட்ட பிறகு திருத்தம் எதற்கு என்று கோப்பை மூடியது. பழைய அறிக்கை பழையபடியே இணையத்தில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். மாடல்காரர் வாசல்வரை வந்து, அவளுடைய அட்டைப்பெட்டியைத் தானே டாக்சியில் ஏற்றினார்.

குளிர்காலத்தின் இரண்டாம் மாதம், அவள் பிறந்த ஊரில் குளிர் இறங்கியது. பத்தொன்பது நாள். அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த ஊரின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை போனாலும் பயம் போகவில்லை. முதல் கப்பல் வந்து சேர்ந்தது. இரண்டாவது கப்பல் புயலில் மாட்டி இரண்டு நாள் நடுக்கடலில் நின்றது. கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தில் அது ஒரு சின்ன முக்கோணம். அந்த முக்கோணம் நகர்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். கிடங்கில் மிச்சம் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். ஆறு, ஐந்து, நாலு. தங்கையை அழைக்கக் கை போகும். அழைத்து என்ன கேட்பது? கொதிகலன் ஓடுகிறதா என்று கேட்டால் ஏன் என்று கேட்பாள். மூன்றாம் நாள் காலையில் முக்கோணம் அசைந்தது. அன்று சாயங்காலம் துறைமுகத்தைத் தொட்டது. அவள் எழுந்து, பல நாளுக்குப் பிறகு, தலைக்குக் குளித்தாள்.

குளிர் விட்டு நான்காம் நாள், காலைச் சாப்பாட்டு நேரத்தில், தங்கை அழைத்தாள். குரல் சரியாக இல்லை.

"அக்கா, இங்க பேப்பர்ல பூரா அதுதான். கப்பல் வரலைன்னா ஊரே விறைச்சிருக்கும்னு போட்டிருக்கான். உங்க ஆபீஸ் அறிக்கையையும் போட்டிருக்கான். கப்பலே வேண்டாம், போதுமான அளவு இருக்குன்னு. மேல உன் பேரு."

அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நல்ல வேளை, அரசாங்கம் உங்க பேச்சைக் கேக்கலை. கேட்டிருந்தா? பதினாலு குழந்தைங்க அக்கா இங்க. ஒவ்வொண்ணும் என் கை நீளம்கூட இல்ல. கடைசி ரெண்டு நாள் அழுத்தம் இறங்கிப்போச்சு, கொதிகலன்காரர் மீட்டர் பக்கத்துலயே உக்காந்திருந்தார். நாங்க குழந்தைங்களைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு உக்காரலாமான்னு பேசிக்கிட்டிருந்தோம். இந்த ஊர்ல பொறந்தவ நீ. எப்படி எழுத மனசு வந்துச்சு?"

கணவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது உண்மைதான், ஆனால் வாயை அடைத்தது அது இல்லை. தங்கை சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த அறிக்கையை எழுதியவள் அவள்தான்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள்.

தங்கை அழுவது கேட்டது. கோபத்தில் அழுகிறாளா, அலுப்பில் அழுகிறாளா என்று தெரியவில்லை. அழுகை அடங்கியதும் அக்கா கேட்டாள்.

"குழந்தைங்க அறையில இப்ப எத்தனை டிகிரி?"

"என்ன?"

"சூடு எவ்வளவு இருக்கு?"

"இருபத்தாறு. எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டாள். வழக்கமாகச் சொல்லும் 'உடம்பைப் பாத்துக்கோ'வைச் சொல்லவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கணவரைப் பார்த்தாள்.

"இருபத்தாறாம்" என்றாள்.